ஆரம்பாக்கத்துக்கு இன்ஜினியர் யாரு? தெரு ரோடு முதல் ஏரி முகத்துவாரம் வரை!

குழாய்ல ரெண்டு நாளா தண்ணி வரல. தெரு ரோடு போட்ட ஆறே மாசத்துல ஜல்லி பேர்ந்து கிடக்கு. யாருக்கு போன் பண்ணுவீங்க?

நகராட்சியில இருக்கறவங்களுக்கு இதுல பெரிய குழப்பம் இல்லை. கமிஷனருக்கு அடுத்து எல்லாரும் தேடுற ஆள், நகராட்சிப் பொறியாளர். குடிநீர், ரோடு, மழைநீர்க் கால்வாய், தெருவிளக்கு, மார்க்கெட் கட்டடம்னு ஊருக்குள்ள கட்டுறதும் பராமரிக்கிறதும் கடைசியில அவர் டேபிளுக்குத்தான் வரும்.

ஆனா, ஆரம்பாக்கம்? சென்னையிலிருந்து கொல்கத்தா போற தேசிய நெடுஞ்சாலை 16-ல, ஆந்திர எல்லைக்கு முன்னாடி வர்ற ஊர். பக்கத்துல பழவேற்காடு ஏரி, ஏரியைச் சுற்றி மீனவக் கிராமங்கள். இது நகராட்சியும் இல்லை, பேரூராட்சியும் இல்லை. கும்மிடிப்பூண்டி ஒன்றியத்துல இருக்கிற கிராம ஊராட்சி. நகராட்சினு தேடினா பொன்னேரி வரைக்கும் போகணும். அதுவே 2021-லதான் தரம் உயர்ந்துச்சு.

ஏரியில எந்த இடத்துல, என்னிக்கு, யாரு வலை கட்டணும்னு 'பாடு' முறைனு ஒரு கணக்கைத் தலைமுறை தலைமுறையா வெச்சிருக்கிற ஊர்கள் இவை. குழாய் உடைஞ்சா யாரைப் பிடிக்கிறதுங்கிறதுக்குத்தான் அப்படி ஒரு தெளிவான கணக்கு இல்லை!

சரி, இங்க இன்ஜினியர் யாரு? ஒருத்தர் இல்லை, பல பேர். ஊராட்சி ரோடு, கால்வாய், சமுதாயக்கூடம் மாதிரியான வேலைகளுக்கு ஒன்றிய அலுவலகத்துல இருக்கிற பொறியாளரும், அவருக்குக் கீழே இருக்கிற பணி மேற்பார்வையாளரும். நம்ம ஊர்ல 'ஓவர்சியர்'னு சொல்றோமே, அவரேதான். கூட்டுக் குடிநீர்த் திட்டம்னா குடிநீர் வடிகால் வாரியம். ஹைவேஸ் பள்ளம்னா தேசிய நெடுஞ்சாலை ஆணையம். மீன் இறங்குதளம்னா மீன்வளத் துறை. தெருவிளக்குல பல்பு ஊராட்சி பொறுப்பு, கம்பமும் கரன்ட்டும் மின்வாரியம். புகார் மனு அலையறதுக்குப் பாதி காரணம், தப்பான டேபிள்ல கொடுக்கிறதுதான்.

இவங்க வேலை சைட்டுல நின்னு மேஸ்திரியை அதட்டுறது மட்டும்னு நினைச்சா, நீங்க பாதிதான் பார்த்திருக்கீங்க. மதிப்பீடு போடணும், தொழில்நுட்ப அனுமதி வாங்கணும், டெண்டர் விடணும், வேலை நடக்கும்போது அளக்கணும். அந்த அளவை எழுதுற புத்தகத்துக்குப் பேர் அளவுப் புத்தகம், ஆபீஸ் பாஷையில 'எம்-புக்'. இதுல எழுதின அளவுக்குத்தான் கான்ட்ராக்டருக்குப் பணம். என்னைக் கேட்டா, ஓர் இன்ஜினியரோட நேர்மையைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஓர் உதாரணம். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்துல ஒரு சிமென்ட் ரோடு. கணக்குப்படி 45 கன மீட்டர் கான்கிரீட் வேணும். கனம் 12 சென்டிமீட்டராகிட்டா 36 கன மீட்டர்தான். மேலிருந்து பார்த்தா ரெண்டும் ஒரே ரோடுதான். ஆனா, 9 கன மீட்டர் கான்கிரீட் காணோம்! எம்-புக்ல 45-னு இருக்கா, 36-னு இருக்கானு தெரிஞ்சாத்தான் கதை தெரியும்.

அதை நீங்க பார்க்க முடியுமா? முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் பிரிவு 2(ஜே) எல்லாம் தேட வேணாம். நடக்கிற வேலையைப் பார்வையிட, ஆவணத்தோட நகல் வாங்க, ஏன்... பயன்படுத்துற பொருளோட மாதிரி எடுக்கக்கூட அந்தச் சட்டம் இடம் தருது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ரோடு போடும்போதே ஓரத்துல அடிச்சிருக்கிற பலகையோட உயரத்தை டேப் வெச்சு அளந்து, போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது.

ஏரிக்கரை ஊர்கள்ல இன்னொரு எதிரி உண்டு, உப்பு. உப்புக்காத்து கான்கிரீட் வழியா உள்ளே போய் கம்பியைத் தொட்டா துரு பிடிக்கும். துரு பிடிச்ச கம்பி உப்பும். மேல இருக்கிற காரை வெடிச்சு விழும். பழைய டேங்க்குகள்ல கம்பி பல்லிளிச்சுக்கிட்டுத் தெரியுதே, அது இதுதான். இதுக்காகவே, கடலோரச் சூழல்ல இருக்கிற கான்கிரீட்டுல கம்பிக்கு மேல 45 மில்லிமீட்டர் மூடல் வேணும்னு இந்தியத் தர விதி சொல்லுது. சாதாரணச் சூழலுக்கு 20 போதும். கம்பிக்கு அடியில வைக்கிற சின்ன கவர் பிளாக்தான் இந்த வித்தியாசத்தை உண்டாக்குது. சென்னையில இருந்து வர்ற அதே டிராயிங்கை அப்படியே இங்க போட்டா என்னாகும்னு ஓவர்சியருக்குத் தெரியணும்.

தண்ணிக்கு வருவோம். ஜல் ஜீவன் திட்டப்படி கிராமத்துல ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். பாதாளச் சாக்கடை இருக்கிற நகரத்துல 135 லிட்டர். நாலு பேர் வீட்டுக்கு 220 லிட்டர், அதாவது சுமாரா 15 குடம். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒருமுறை நிரம்பினா 545 பேருக்குத்தான் காணும். அதனால, 'டேங்க் இருக்குல்ல'னு யாராவது சொன்னா, 'எத்தனை தடவை நிரப்புறீங்க'னு கேளுங்க. கிராம சபைல கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு நாள் கூடுது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம்ங்கிறதால, தண்ணிக் கணக்கு கேட்க பொருத்தமான நாள்!

எல்லாத்தையும்விட பெரிய இன்ஜினியரிங் வேலை ஏரியோட வாய்லதான். பழவேற்காடு முகத்துவாரத்துல கடலோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து சேர்க்கும். ஏரியிலிருந்து வர்ற தண்ணி குறைஞ்சா அந்த மணலைத் தள்ள ஆள் இருக்காது, வாய் மூடிக்கும். படகு கடலுக்குப் போக முடியாது. கடல்லருந்து இறால் குஞ்சு உள்ளே வராது. தோண்டிவிட்டாலும் மணல் திரும்ப வந்துடும். அதனாலதான் வாயோட ரெண்டு பக்கமும் கடலுக்குள்ள பாறாங்கல் சுவர் நீட்டுற திட்டம், சுமார் 27 கோடி ரூபாய்ல வந்துச்சு. இது பறவைகள் சரணாலயப் பகுதிங்கிறதால வனத்துறை, கடலோர ஒழுங்குமுறை அனுமதியெல்லாம் வாங்கணும். இன்ஜினியர் வரைபடம் மட்டும் போதாது.

கல் சுவர் கட்டிட்டா வேலை முடிஞ்சதுனு அர்த்தமில்லை. ஆழம் குறையுதானு அளந்துக்கிட்டே இருக்கணும், தேவைப்பட்டா தூர்வாரணும். வாய் மறுபடி தூர்ந்துச்சுன்னா அந்த மனுவை ஒன்றிய ஆபீஸ்ல கொடுக்காதீங்க, திருப்பி அனுப்பிடுவாங்க. மீன்வளத் துறைக்குப் போடுங்க. நகலை மாவட்ட ஆட்சியரோட மீனவர் குறைதீர் கூட்டத்துலயும் கொடுத்து வைங்க.