மேசைக்கு அந்தப் பக்கம் – 9
தேதிக்குத் தலையாட்டியவர்

'முடியாது' என்று சொல்லத் தெரிய வேண்டும் என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்த வரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் வந்துவிடுவார். 1997இல் ஆப்பிளுக்குத் திரும்பியதும் தயாரிப்புகளில் பெரும்பகுதியை வெட்டித் தள்ளினார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அது மேலே இருப்பவர் கீழே பார்த்துச் சொன்ன 'வேண்டாம்'. அதைச் சொல்லப் பெரிய துணிச்சல் தேவையில்லை. இயக்குநர் குழு எதிரே உட்கார்ந்திருக்க, "சார், இந்தத் தேதிக்கு நடக்காது" என்று சொல்வதுதான் கஷ்டம்.

2023 ஏப்ரலில் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கண்காணிப்புப் பிரிவு, கார்லோஸ் அபார்கா என்ற தனி மனிதருக்கு 81,620 பவுண்டு அபராதம் போட்டது. அவர் பணத்தைக் கையாடவில்லை, லஞ்சமும் வாங்கவில்லை. டி.எஸ்.பி. வங்கியின் தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்தவர். வங்கியின் புதிய கணினி அமைப்பை நடத்தப்போகும் நிறுவனம் உண்மையிலேயே தயாரா என்று உறுதி செய்துகொள்ளத் தவறினார். குற்றம் அவ்வளவுதான்.

பிரிட்டனின் லாயிட்ஸ் வங்கியிலிருந்து பிரிந்து வந்தது டி.எஸ்.பி. தனிக்குடித்தனம் போன பிறகும் மாமியார் வீட்டு அடுப்பிலேயே சமைத்துக்கொண்டிருந்தது: கணக்குகள் ஓடியதெல்லாம் லாயிட்ஸின் கணினிகளில், அதற்குக் கட்டணமும் கொடுத்து. 2015இல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி டி.எஸ்.பி.யை வாங்கியது. 2017 நவம்பருக்குள் அத்தனை கணக்குகளையும் தன்னுடைய அமைப்புக்கு மாற்றிவிடுவது என்று திட்டம் போட்டார்கள். நடக்கவில்லை, தேதி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பின்னால் நடந்த சுயேச்சையான விசாரணையின் அறிக்கை 2019இல் வெளிவந்தது. மறுதிட்டத்திலும் முதலில் முடிவுத் தேதியை வைத்துவிட்டு, வேலைகளை அதற்குள் திணித்திருந்தார்கள் என்றது அது. ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று செய்ய வேண்டிய சோதனைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அமைப்பு இரண்டு தரவு மையங்களில் இயங்க வேண்டியது. எவ்வளவு சுமை தாங்கும் என்ற சோதனை ஒன்றில் மட்டும்தான் நடந்தது. அமைப்பை நடத்தவேண்டிய சபிஸ், சபாடெல் குழுமத்தின் சொந்த நிறுவனம். 'தயாராகிவிடுவோம்' என்ற தொனியில் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தயார்' என்று அதில் இல்லை. அந்த இடைவெளியைத் துருவிக் கேட்டிருக்க வேண்டியவர் அபார்கா.

2018 ஏப்ரல் 22, ஞாயிறு. புதிய அமைப்பின் கதவு திறந்தது. பலரால் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை. சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. நிலைமை முழுதாகச் சீராக டிசம்பர் ஆகிவிட்டது. அதற்குள் தலைமை நிர்வாகி பதவி விலகியிருந்தார். 2022இல் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம்.

இவ்வளவு பெரிய விஷயத்தில் ஏன் ஒருவரும் நிறுத்தவில்லை? கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. தேதி ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. இரண்டாவது முறை கையைத் தூக்குகிறவன் வேலை தெரியாதவனாகத் தெரிவான். அந்தப் பயம் எந்த அலுவலகத்திலும் உண்டு. நம் ஊரில் அதோடு மரியாதையும் சேர்ந்துகொள்ளும். "பார்க்கலாம் சார்" என்று நாம் நாசூக்காக மறுப்போம். மேலதிகாரி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் தேதியே கொடுத்துவிடுவார்.

ஆனால் கணக்கு, சட்டம், விற்பனை எல்லாம் தெரிந்தவர்கள் கூடிய அறையில், சர்வர் சுமை தாங்குமா என்று தெரிந்தவர் ஒருவர்தான். அவர் தலையாட்டினால் மற்றவர்கள் அதைச் சான்றிதழாகவே எடுத்துக்கொள்வார்கள். மறுப்பதென்றால் முறைத்துக்கொண்டு எழுந்து போவதல்ல. 'இரண்டாவது மையத்தில் சோதனை முடியட்டும், மூன்று வாரம் ஆகும், அதுவரை கையெழுத்துப் போட மாட்டேன்' என்று நிபந்தனையோடு சொல்வது. தொழில்நுட்பத் தலைவரின் சம்பளத்தில் பாதி இந்த வாக்கியத்துக்குத்தான் என்பது என் கட்சி.

தினசரி வருகிற சின்னக் கோரிக்கைகளும் லேசுப்பட்டவை அல்ல. 'ஒரேயொரு ரிப்போர்ட்', 'சின்னதா ஒரு பட்டன்' என்று வருபவை பெரும்பாலும் சோதனைக்கு ஒதுக்கிய நாட்களைத்தான் தின்னும். அடுத்த முறை அப்படி ஒன்று வந்தால், இதற்காக எதைத் தள்ளிப்போடலாம் என்று கேட்டவரையே சொல்லச் சொல்லுங்கள்; பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

(அடுத்த வாரம்: ராஜினாமா கடிதம் நீட்டுபவரிடம் என்ன பேசுவது?)