பூசணி முகம் அச்சடிக்கும் ஊருக்கு ஒரு நடைவீதி வேண்டும்

2024 அக்டோபர் 31, வியாழக்கிழமை. தமிழ்நாட்டில் அன்று தீபாவளி, அமெரிக்காவில் ஹாலோவீன். இரண்டு பண்டிகையும் ஒரே தேதியில் வந்த அந்த நாளில், இரண்டுக்கும் உடுப்பு தைத்துக் கொடுத்திருந்த ஊர் திருப்பூர்.

ஹாலோவீன் இரவில் அமெரிக்கப் பிள்ளைகள் எலும்புக்கூடு, சூனியக்காரி, வௌவால் என்று வேடம் கட்டி வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். வாசலில் முகம் செதுக்கிய பூசணிக்காய்க்குள் விளக்கு எரியும். ஊர்தோறும் பேய் வீடுகள் திறக்கும், வேட ஊர்வலங்கள் நடக்கும். 2025 ஹாலோவீனுக்கு அமெரிக்கர்கள் 1,310 கோடி டாலர் செலவிடுவார்கள் என்று அந்நாட்டுத் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு கணித்திருந்தது. அந்தக் கொண்டாட்டத்துக்குப் போகும் பருத்தி டி-சர்ட்டிலும் பைஜாமாவிலும் ஒரு பங்கு நம்மூர் பனியன் கம்பெனிகளில் உருவாகிறது.

இருட்டில் ஒளிரும் விலா எலும்பு

திருப்பூருக்கு ஹாலோவீன் கோடையிலேயே வந்துவிடும். அக்டோபர் பண்டிகைக்கான சரக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் அங்கே கடை அலமாரி ஏற வேண்டும். கப்பல் பயணத்துக்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் ஜூன், ஜூலைக்குள் கன்டெய்னர் தூத்துக்குடி துறைமுகத்தைத் தாண்டியாக வேண்டும். சித்திரை வெயிலில் கட்டிங் டேபிள் மேல் கறுப்பும் ஆரஞ்சுமாகத் துணி விரிந்தால், அது எந்தப் பண்டிகைக்கு என்று கட்டிங் மாஸ்டருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் 1ஆம் தேதிக்குப் பிறகு பூசணி முகம் போட்ட சட்டைக்கு விலை கிடையாது. ஷிப்மென்ட் தேதிக்காக ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று வேலை ஓடுவது இதனால்தான்.

பிள்ளைகளுக்கான எலும்புக்கூடு பைஜாமாவை எடுத்துக்கொள்வோம். கறுப்புத் துணியில் முதலில் வெள்ளை அடிப்பூச்சு விழும். அதன்மேல், வெளிச்சத்தை உறிஞ்சி இருட்டில் ஒளிரும் பொடி கலந்த பேஸ்ட்டை ஸ்கிரீனில் இழுப்பார்கள். சூடு கொடுத்து இறுகவைத்த பின் சாம்பிளை டியூப் லைட்டுக்கு அடியில் சற்று நேரம் பிடித்துவிட்டு, விளக்கை அணைத்துப் பார்ப்பார்கள். விலா எலும்புகள் வெளிர்பச்சையாக வரிசை கட்டி நிற்க வேண்டும். ஒன்று மங்கினாலும் அந்தப் பீஸ் தனியே ஒதுங்கும். அளவிலும் கண்டிப்பு உண்டு. பிள்ளைகளின் இரவு உடை தீப்பிடிக்காத துணியில் இருக்க வேண்டும், இல்லையேல் உடம்போடு ஒட்டிய அளவில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். சாதாரணப் பருத்தி பைஜாமா இரண்டாவது வழியில்தான் அங்கே போகிறது. தொளதொளவென்று தைத்தால் சரக்கு அங்கே செல்லாது.

2024-25ஆம் நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். அமெரிக்காதான் பெரிய சந்தைகளில் முதன்மையானது. 2025 ஆகஸ்ட் 27 அன்று அந்நாடு இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது இந்த ஊர் பட்ட பதற்றம் எல்லோரும் அறிந்தது. கடல் கடந்த ஒரு பண்டிகைக் கடைவீதி கலகலப்பாக இருந்தால் இங்கே ஒரு வீட்டில் அடுப்பு தடையில்லாமல் எரியும். அந்த அளவுக்கு நெருங்கிய உறவு அது.

வேடமும் பயமும் நமக்கும் உண்டு

பேயும் வேடமும் நமக்குப் புதிதல்ல. குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காளி, குறவன், குறத்தி, குரங்கு என்று வேடம் கட்டிக் காணிக்கை வாங்கும் பக்தர்களில், திருப்பூரில் பிழைக்க வந்த தென் மாவட்டத்தவர்களும் உண்டு. மாசியில் மயானக் கொள்ளை. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நள்ளிரவு மயான பூஜை. இங்கெல்லாம் பயம் பக்தியோடு சேர்ந்தே வரும்.

பயத்தை வெறும் விளையாட்டாக அனுபவிக்க நமக்கிருக்கும் இடம் பொருட்காட்சி. ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவே தகரம் அடைத்த ஒரு பேய் வீடு நிற்கும். உள்ளே போனால் வளைந்து வளைந்து போகும் இருட்டுச் சந்து, கயிற்றில் ஆடும் எலும்புக்கூடு, திடீரென்று முகத்தில் அடிக்கும் காற்று, மூலையில் கறுப்புப் போர்வைக்குள் காத்திருக்கும் ஓர் ஆள். அலறிக்கொண்டு வெளியே ஓடிவரும் பிள்ளைகள் மூச்சு வாங்கியதும் மறுபடி டிக்கெட் கேட்பார்கள். வாரம் ஆறு நாள் மெஷின் முன் உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம்.

போனஸ் வாரத்துத் திருப்பூர்

ஆனால் திருப்பூரின் உண்மையான திருவிழாத் திடல் அதன் கடைவீதிதான். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கடைவீதி என்பது இங்கே வருடம் முழுக்க நடக்கும் வழக்கம். தீபாவளிக்கு முன் போனஸ் வந்துவிட்டால் கூட்டம் பல மடங்காகும். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், பேச்சுவார்த்தையில் முடிந்தால் அதற்கு மேலும் என்று கைக்கு வரும் பணம், அடுத்த சில நாள்களில் குமரன் ரோட்டிலும் புதுமார்க்கெட் வீதியிலும் காதர்பேட்டையிலும் இறங்கும். பீகார், ஒடிசா, மதுரை, தேனி என்று ஊருக்குக் கிளம்புகிறவர்களும் அதே நாள்களில்தான் துணி எடுப்பார்கள். கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் மொத்த விலையில் எடுக்க வருகிறவர்கள் காரில் வந்து சேருவார்கள்.

நகரின் அமைப்பும் ஒத்துழைப்பதில்லை. ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் நொய்யல் ஆறு. இரண்டையும் தாண்ட ஒருசில பாலங்களே உள்ளன. 2017இல் பொலிவுறு நகரத் திட்டத்தில் திருப்பூர் சேர்ந்த பிறகு பஸ் ஸ்டாண்ட் புதிதானது. நகர மையத்தில் அடுக்கு வாகன நிறுத்தமும் வந்தது. ஆனாலும் போனஸ் வாரத்தில் வண்டி நிறுத்த ஓரிடம் தேடி, பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஒரே வீதியைச் சுற்றிச் சுற்றி வரும் பைக்குகளைப் பார்க்கலாம். கடைக்குள் நிம்மதியாகக் கழிய வேண்டிய நேரம் வெளியே புகையில் கழிகிறது.

இது வெறும் அலைச்சல் பிரச்சினையாக முடிந்துவிடாது. 2022 அக்டோபர் 29 இரவு, தென்கொரியத் தலைநகர் சியோலின் இத்தேவோன் பகுதியில் ஹாலோவீன் கூட்டம் குறுகிய சந்து ஒன்றில் நெருக்கியடித்ததில் 159 உயிர்கள் போயின. பெரும்பாலும் இளைஞர்கள். நம் காதர்பேட்டையிலேயே 2023 ஜூனில் ஓர் இரவு பனியன் பஜார் தீப்பிடித்து ஏறத்தாழ 50 கடைகள் எரிந்தன. அப்படி ஒரு தீ தீபாவளிக்கு முந்திய ஞாயிறு மாலையில் பிடித்தால், இருபுறமும் பைக் நிறைந்த சந்துக்குள் தீயணைப்பு வண்டி எப்படி நுழையும்? இந்தக் கேள்விக்கு இப்போதே பதில் தேட வேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. 1692இல் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்ட ஊர். இன்று ஹாலோவீன் கொண்டாட்டத்துக்கே பேர் போனது. மக்கள்தொகை 45,000க்கும் குறைவு; சமீப ஆண்டுகளில் அக்டோபர் மாதத்தில் மட்டும் வருகிறவர்கள் 10 லட்சத்தைத் தாண்டுகிறார்கள். அந்த நகர நிர்வாகம் எல்லாக் காருக்கும் இடம் தேடித் தருவதாக வாக்குக் கொடுப்பதில்லை. காரில் வராதீர்கள், பாஸ்டனிலிருந்து ரயிலில் வாருங்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. வார இறுதிகளில் ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தவைத்து பஸ்ஸில் அழைத்துவருகிறது. நடுவீதிகளை நடப்பவர்களுக்கு விடுகிறது.

சென்னை தியாகராய நகரிலும் இதே திசையில் வேலை நடந்தது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தது. தணிகாசலம் சாலையில் அடுக்கு வாகன நிறுத்தம் வந்தது. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு 570 மீட்டர் ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. ரயிலில் இறங்குகிறவர் வெயிலில்லாமல், வண்டி இடிக்காமல் நடந்து போகலாம்.

திருப்பூர் கையிலேயே இருக்கும் வழிகள்

திருப்பூருக்குப் புதிதாக எதையும் கட்டிக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை. இருப்பதை எடுத்து உபயோகித்தால் போதும்.

முதலாவது, கம்பெனி வேன். காலையும் மாலையும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஆள் ஏற்றி இறக்கும் வேன்களும் பஸ்களும் இந்த ஊரில் ஏராளம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் அவை சும்மா நிற்கின்றன. கம்பெனி வளாகங்களும் காலியாகக் கிடக்கின்றன. அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, காங்கேயம் ரோடு, பெருமாநல்லூர் ரோட்டில் உள்ள பெரிய வளாகங்கள் போனஸ் வார ஞாயிறுகளில் வாகன நிறுத்தமாகத் திறந்தால், அந்த வேன்களே மக்களைக் கடைவீதிக்குக் கொண்டுவந்து விடலாம்.

இரண்டாவது, போனஸ் தேதி. எல்லாக் கம்பெனியும் ஒரே சனிக்கிழமை போனஸ் கொடுத்தால் எல்லோரும் ஒரே ஞாயிற்றுக்கிழமைதான் கடைக்கு வருவார்கள். தொழில் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் பேசி, இரண்டு மூன்று வாரங்களுக்குத் தேதிகளைப் பிரித்துக்கொண்டால் கூட்டம் தானாகப் பிரியும். செலவில்லாத வழி இது. முன்கூட்டியே வரும் போனஸால் தொழிலாளிக்கு நஷ்டமும் இல்லை.

மூன்றாவது, நகர மையத்தில் இருசக்கர வாகனத்துக்கு முன்னுரிமை. ஒரு கார் நிற்க 12 சதுர மீட்டர் வேண்டும். ஒரு பைக்குக்கு 2 போதும். ஒரு கார் இடத்தில் ஆறு குடும்பங்கள் வண்டி நிறுத்தலாம். தீபாவளிக்குத் துணி எடுக்க வரும் தொழிலாளி காரில் வருவதில்லை.

நான்காவது, நடைவீதி. போனஸ் வார மாலைகளில் குமரன் ரோட்டின் கடைப்பகுதியையும் புதுமார்க்கெட் வீதியையும் வண்டிகள் இல்லாத வீதிகளாக அறிவிக்க வேண்டும். ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் ஒரு தடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் உச்சத்துக்குப் போகும் வார இறுதி அக்டோபர் 31, நவம்பர் 1. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ரயிலில் வாருங்கள். திருப்பூர் ஸ்டேஷனிலிருந்து காதர்பேட்டை நடந்து போகும் தூரம்தான். உள்ளூர்க்காரர்கள் முடிந்தவரை வார நாளிலோ ஞாயிறு காலையிலோ போய் வாருங்கள். பிள்ளைகளின் சட்டைப்பையில் ஒரு செல்போன் எண்ணை எழுதி வையுங்கள். மாநகராட்சியும் காவல் துறையும் கம்பெனி முதலாளிகளும் புரட்டாசி முடிவதற்குள் ஒரே மேசையில் உட்கார்ந்து தேதிகளையும் இடங்களையும் முடிவு செய்து அறிவியுங்கள். உலகத்துப் பிள்ளைகளின் பண்டிகைக்கு ஒரு நாள் பிசகாமல் சரக்கு அனுப்பும் ஊர் இது. அதே கறாரோடு தன் தொழிலாளிகளின் பண்டிகைக்கும் திட்டம் போட இந்த ஊரால் முடியும், போட வேண்டும்.