பித்தளையில் படிந்த பழைய லாக்கரை எதைக் கொண்டு எடுப்பது?

ஆயுத பூஜைக்கு முன் கடையைக் கழுவித் துடைக்கும்போது நம்மில் பலருக்கு ஒரு சங்கடம் நேர்வதுண்டு. கல்லாப்பெட்டியின் பித்தளைக் கைப்பிடி, பூட்டுத் தகடு, கதவுக் குமிழ், சாமி படத்தின் முன் தொங்கும் விளக்கு இவற்றைப் புளி போட்டு எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு வருவதில்லை. ஆங்காங்கே கறுப்புப் புள்ளிகளும், சிலந்தி வலை போன்ற கோடுகளும், பழுப்பேறித் தோல் உரிந்த திட்டுகளும் தெரியும். பித்தளை கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழைய விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் பித்தளைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. கறுக்காமல் இருக்கட்டும் என்று எப்போதோ அதன் மேல் பூசிய லாக்கர்தான் கெட்டிருக்கிறது. விரிசல் வழியே காற்றும் ஈரமும் உள்ளே போய், மூடிய இடத்துக்குள்ளேயே உலோகம் கறுக்கிறது. புளியின் புளிப்பு லாக்கரைத் தாண்டி உள்ளே போகாது. ஆகவே முதலில் லாக்கரை எடுக்க வேண்டும். புளிக்கு வேலை அதற்குப் பிறகுதான்.

இங்கேதான் தவறு நடக்கிறது. பெயின்ட் கடையில் போய் "தின்னர் கொடுங்கள்" என்று ஒரு லிட்டர் வாங்கி வந்து, கடைப் பையனிடம் கொடுத்துத் தேய்க்கச் சொல்லிவிடுகிறோம். எங்கள் கடையிலும் சில ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் செய்தோம். பின்கட்டில் உட்கார்ந்து கிண்ணத்தில் தின்னரை ஊற்றி வைத்துக்கொண்டு பையன் துடைத்துக்கொண்டிருந்தான். ஏழெட்டு அடி தள்ளித் தரையில் ஒரு அகல் எரிந்துகொண்டிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. இந்தத் திரவங்களின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து செல்லும். அகலைத் தொட்டதும் நெருப்பு தரை வழியாகவே கிண்ணத்துக்கு ஓடி வந்தது. பக்கத்தில் இருந்த மணலைக் கொட்டி அணைத்தோம். இரண்டு சாக்கு பருப்பும் பையனின் கை ரோமமும் போனதோடு பிழைத்தோம். அன்று பின்கட்டில் அடுக்கியிருந்த தேயிலைத் தூள் முழுவதும் தின்னர் வாடை ஏறி, விற்க முடியாமல் போனது தனிக் கதை. அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் எந்தப் பித்தளை அதற்கு ஈடாகும்?

அந்த வேலைக்குத் தின்னரே தேவைப்படவில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கல்லாவின் மேல் இருந்தது அரக்கு வார்னிஷ். அது ஆல்கஹாலிலேயே கரைந்துவிடும்.

எந்தத் திரவம் வேண்டும் என்பதைப் பூச்சுதான் தீர்மானிக்கிறது. அதனால் முதலில் பூச்சு எது என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பின்பக்கமாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, வெந்நீரும் சோப்பும் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கித் துடைத்துவிடுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து அந்த இடத்தில் ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு நிறம் இறங்கினால் அது அரக்குப் பூச்சு. பழைய தேக்குப் பெட்டிகளின் பித்தளைகளில் பெரும்பாலும் இதுவே இருக்கும். மரத்துக்கு மெருகு போட்டவரே பித்தளைக்கும் ஒரு கை இழுத்துவிட்டிருப்பார்.

ஆல்கஹாலுக்கு அசையவில்லை என்றால் அடுத்தது அசிட்டோன். நகப் பூச்சு அழிக்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது இதுதான். சோதனைக்கு அந்தச் சிறு புட்டியே போதும். சீட்டில் அசிட்டோன் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைகளில் பல காலமாகப் பித்தளைக்கு அடிக்கப்பட்டு வந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும், அக்ரிலிக் வகைகளும் அசிட்டோனில் இளகிவிடும். 'என்.சி. தின்னர்' என்பது பல கரைப்பான்களின் கலவை; அதுவும் இதைச் செய்யும். ஆனால் கலவையில் என்னென்ன இருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டொலுயீன் கலந்தவை தலைசுற்றலையும் தலைவலியையும் உண்டாக்கும். எனவே அசிட்டோன் போதும் என்றால் தின்னர் பக்கம் போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

அசிட்டோனுக்கும் கரையாமல் பூச்சு சுருங்கி உப்பினாலோ, அல்லது ஒன்றுமே ஆகாவிட்டாலோ, அது சூட்டில் இறுக்கிய எப்பாக்சியாகவோ இரு கலவைப் பாலியூரித்தேனாகவோ இருக்கலாம். புதிதாக வரும் கைப்பிடிகளில் இவை அதிகம். இவற்றைக் கரைக்க 'பெயின்ட் ரிமூவர்' என்று ஒன்றைக் கடைக்காரர் எடுத்துத் தருவார். வாங்குமுன் சீட்டைப் படியுங்கள். மெத்திலீன் குளோரைடு அல்லது டைகுளோரோமீத்தேன் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இது 40 டிகிரியிலேயே கொதிப்பது. மூடிய அறையில் வேகமாக ஆவியாகி மயக்கத்தை உண்டாக்கும். உடலுக்குள் போனதும் கார்பன் மோனாக்சைடாக மாறி இரத்தத்தில் பிராணவாயு ஏறவிடாமல் தடுக்கிறது. இதனால் உயிரிழப்புகள் நேர்ந்து, அமெரிக்காவில் பொதுமக்களுக்கு இந்த ரிமூவரை விற்பது 2019 ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. இத்தகைய கெட்டிப் பூச்சுள்ள சாமான்களைப் பாலிஷ் பட்டறைக்கு அனுப்புவதே மலிவு.

திரவமே இல்லாத ஒரு வழியும் உண்டு. மரமோ பிளாஸ்டிக்கோ ஒட்டாத, முழுக்கப் பித்தளையான சிறு சாமான் என்றால், எவர்சில்வர் பாத்திரத்தில் லிட்டருக்கு ஒரு கரண்டி சலவைச் சோடா போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க வையுங்கள். பழைய லாக்கர் பல சமயம் சவ்வு போல எழும்பி வந்துவிடும். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரித்துவிடும். உள்ளே அரக்கோ மெழுகோ அடைத்த விளக்குத் தண்டுகளையும் இதில் போடக்கூடாது. சலவைச் சோடா நம் கடையிலேயே இருக்கும் சரக்கு. முதலில் இதை முயன்று பார்த்துவிட்டுப் பிறகு புட்டியைத் திறக்கலாம்.

காஸ்டிக் சோடா, கழிவறை ஆசிட் இரண்டையும் தொடவே வேண்டாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. ஆசிட் பட்டால் துத்தநாகம் அரித்துப் போய்ச் சிவப்புத் திட்டு விழும்; அது புளியில் போகாது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீரும் ஆகாது. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் பித்தளைத் தோட்டா உறைகளை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தபோது அவை தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம் என்பது 1921 இல் விளக்கப்பட்டது.

வேலைக்கு முன் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் அது இரும்பின் மேல் பித்தளை முலாம். லாக்கரை எடுத்தபின் தேய்த்தால் முலாமும் போய்விடும். அப்படியே விட்டுவிடுவது நல்லது. மரத்தில் பொருத்தியவற்றைத் திருகாணி கழற்றி எடுத்துத்தான் துடைக்க வேண்டும். ஒரு சொட்டு அசிட்டோன் சிந்தினாலும் பெட்டியின் மெருகு வழித்துக்கொண்டு வரும். ஷோகேஸின் அக்ரிலிக் தகடு வெளுத்துப் போகும்.

தராசு, எடைக்கல் விஷயத்தில் மட்டும் நாம் கை வைக்கவே கூடாது. முத்திரையிட்ட பித்தளை எடைக்கல்லில் பூச்சை எடுத்தாலும் எடை மாறும், பாலிஷ் போட்டாலும் மாறும். தட்டு ஒன்றை மட்டும் தேய்த்தால் தராசு சாயும். 2009 ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்து, மறுமுத்திரை பெற்றபின்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆல்கஹால் பற்றியும் ஒரு வார்த்தை. மெத்திலேட்டட் ஸ்பிரிட் தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். "மெருகுக்குக் கேட்கிறார்கள்" என்று உரிமமில்லாமல் மளிகைக் கடையில் வாங்கி வைத்து விற்பது வம்பை விலைக்கு வாங்குவது. அதில் சேர்க்கப்படும் மெத்தனால் கண்ணையும் உயிரையும் பறிக்கக்கூடியது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்ததை நாம் பார்த்தோம். கைப்பிடி துடைப்பதற்கு, செல்போன் பழுது பார்ப்பவர்கள் பயன்படுத்தும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். அதுவும் குடிக்கக்கூடியதல்ல. எந்தத் திரவத்தையும் தண்ணீர்ப் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ மாற்றி வைக்காதீர்கள். எண்ணெய் அளக்கும் இடத்தில் நிறமில்லாத ஒரு பாட்டில் நிற்பதைப் பார்த்து, தாகத்தோடு வரும் சுமைகூலிக்காரர் எடுத்துக் குடித்துவிட்டால் யார் பொறுப்பு?

துடைப்பதைக் கடைக்கு வெளியே, நிழலான திறந்த இடத்தில், கடை விடுமுறை நாளில் செய்யுங்கள். பீடி, ஊதுபத்தி, விளக்கு எதுவும் அருகில் கூடாது. கிண்ணத்தில் ஊற்ற வேண்டாம். துணியில் நனைத்து, உடனே மூடியைத் திருகிவிடுங்கள். மெல்லிய நீலக் கையுறை அசிட்டோனில் சீக்கிரம் இளகிவிடும். பியூட்டைல் ரப்பர் கையுறை தாங்கும். நனைத்த துணியைப் பித்தளையின் மேல் சுற்றிச் சில நிமிடம் விட்டு, ஒரே திசையில் வழித்து எடுங்கள். அழுக்கான துணியால் மறுபடி துடைத்தால் கரைந்த லாக்கர் மீண்டும் படியும். சித்திர வேலைப்பாட்டின் இடுக்குகளுக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். கம்பிச் சுருள், உப்புத்தாள் வேண்டாம்.

பிறகு சோப்பு நீரில் கழுவி, புளி போட்டு, புளிப்பு தங்காமல் அலசி, அன்றே நன்றாக உலர்த்துங்கள். மறுபடி லாக்கர் அடிக்க வேண்டுமா என்று கேட்டால், தினமும் கைபடும் கைப்பிடிக்கு வேண்டாம் என்போம். சிறிது மெழுகு தேய்த்தால் போதும். எண்ணெய் எரியும் விளக்குக்கும், அரிசி பருப்பு அள்ளும் படிக்கும் அறவே கூடாது. எட்டாத உயரத்தில் அலங்காரத்துக்கு மாட்டியதற்கு மட்டும் பட்டறையில் அடித்துக்கொள்ளலாம். துடைத்த துணிகளை வெளியில் விரித்து ஆவி போன பிறகே குப்பையில் போடுங்கள். மிச்சத் திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாமல், வந்த டின்னிலேயே இறுக மூடி, கடையின் சரக்கோடு சேராத இடத்தில் வையுங்கள்.