அக்காளும் தங்கையும் நன்னம்பிக்கை முனையில்

கல்யாணமாகிப் புக்ககம் போன பிறகு அக்காளும் தங்கையும் எங்கே சந்தித்துக் கொள்கிறார்கள்? ஒரு சீமந்தம், ஒரு காது குத்தல், ஒரு சஷ்டியப்த பூர்த்தி. அங்கேயும் ஒருத்தி கரண்டியும் கையுமாக அடுப்படியில் நிற்பாள்; இன்னொருத்தி பந்தியில் இலை போட்டுக் கொண்டிருப்பாள். "அப்பாடா, இனிப் பேசலாம்" என்று இருவரும் கூடத்தில் வந்து உட்காரும் சமயத்தில் வாசலில் டாக்ஸி வந்து நின்று விடும்!

கணவன்மாரையும் குழந்தைகளையும் ஒரு வாரத்துக்கு அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டு, சகோதரிகள் மட்டும் சேர்ந்து எங்கேயாவது போய் வந்தால் என்ன? போகிறவர்களுக்கு இன்று ஓர் ஊரைச் சொல்லப் போகிறேன். ஒரு பக்கம் கடலும் மலையும் கைகோத்து நிற்கும் பட்டணம். ஒரு மணி நேரம் காரில் போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைக் கொடிகள். தென்னாப்பிரிக்காவிலுள்ள கேப் டவுன்தான் அது.

"ஐயையோ, மது செய்கிற ஊரா! அங்கே நமக்கென்ன வேலை?" என்று முகம் சுளிக்க வேண்டாம். ஒரு சொட்டும் தொடாதவர்களுக்கு அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. அதோடு, அந்தத் தோட்டங்களின் கதையில் நம்முடைய கரைக்கும் ஒரு பங்கு உண்டு.

மலைக்கு மேஜை விரிப்பு

பள்ளிக்கூடத்தில் பூகோள வகுப்பில் நன்னம்பிக்கை முனை என்று நெட்டுருப் போட்டோமே, நினைவிருக்கிறதா? 1488-இல் பார்த்தலோமியூ டயஸ் அதைக் கண்டார். 1497-இல் வாஸ்கோ ட காமா அதைச் சுற்றிக் கொண்டு வந்து, மறு வருஷம் கோழிக்கோட்டில் இறங்கினார். ஆப்பிரிக்காவின் தென்கோடி அதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையான தென்கோடி இன்னும் கிழக்கே தள்ளியிருக்கும் அகுல்ஹாஸ் முனை. இதை வைத்துத் தங்கையிடம் ஒரு பந்தயம் கட்டிப் பார்க்கலாம்!

பட்டணத்தின் தலைக்கு மேல் நிற்பது மேஜை மலை. சுமார் 1,085 மீட்டர் உயரம். உச்சியை யாரோ இழைப்புளி போட்டு இழைத்தாற்போல் மட்டமாக இருப்பதால் இந்தப் பெயர். தென்கிழக்குக் காற்று வீசும்போது வெண்மேகம் திரண்டு மலையின் ஓரங்களில் வழியும். அதற்கு மேஜை விரிப்பு என்று பெயர். பட்டணத்தின் கெட்ட காற்றையெல்லாம் அடித்துக் கொண்டு போய்விடுவதால், அந்தக் காற்றையே 'கேப் டாக்டர்' என்கிறார்கள். டாக்டர் மும்முரமாக இருக்கும் நாளில் மலைக்குப் போகும் கம்பிவட வண்டி ஓடாது. 1929 முதல் அந்த வண்டி இருக்கிறது. 1997-இல் வந்த புதிய வண்டியின் தரை, ஏறும்போதே சுழல்கிறது. ஜன்னலோர இடம் யாருக்கு என்று சகோதரிகள் சண்டை போட வழியே இல்லை.

தெற்கே ஸைமன்ஸ் டவுன் கடற்கரையில் பென்குவின்கள் குடியிருக்கின்றன. 1982-இல் இரண்டொரு ஜோடிகளாக வந்து சேர்ந்த கூட்டம் அது. உருவத்தைக் கண்டு ஏமாறாதீர்கள். கத்தினால் சாட்சாத் கழுதைதான்! வேடிக்கை ஒரு புறமிருக்க, இந்த இனம் வேகமாக அருகி வருகிறது. 2024-இல் இதை அழிவின் விளிம்பில் உள்ள பறவைகளின் பட்டியலில் சேர்த்து விட்டார்கள்.

துறைமுகத்திலிருந்து படகேறினால் ராபன் தீவு. நெல்ஸன் மண்டேலா தம் 27 வருஷச் சிறைவாசத்தில் 18 வருஷங்களைக் கழித்த இடம்.

தண்ணீர் விஷயத்தில் இந்தப் பட்டணம் நமக்கு உறவு. 2018-இல் குழாய்களை ஒரேயடியாக அடைக்க வேண்டிய நாள் எது என்று தேதி எண்ணிக் கொண்டிருந்தார்கள். குளித்த தண்ணீரைப் பிடித்து வைத்து மறு உபயோகம் செய்தார்கள். மறு வருஷம் சென்னையில் குடமும் கையுமாக லாரிக்குக் காத்திருந்த நமக்கு அந்தக் கஷ்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் பார்க்க வேண்டிய வீடு

திராட்சைத் தோட்டங்களுக்குக் கிளம்புமுன் பட்டணத்திலேயே ஒரு கட்டடத்துக்குள் போய் வர வேண்டும். அதன் பெயர் அடிமை விடுதி. இப்போது அது ஒரு காட்சிச்சாலை.

1652-இல் டச்சுக் கம்பெனியார் இங்கே வந்து இறங்கினார்கள். கீழ்நாடுகளுக்குப் போகும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் கொடுப்பதற்காக ஏற்பட்ட இடம் இது. தலைவர் யான் வான் ரீபெக் 1655-இல் திராட்சைக் கொடிகளை நட்டார். 1659 பிப்ரவரி 2-ஆம் தேதி முதல் ரசம் பிழிந்தார்கள். ஆனால் தோட்டம் போட ஆள் வேண்டுமே? அடிமைகளைக் கொண்டு வந்தார்கள். 1808 வரை வந்து சேர்ந்தவர்கள் சுமார் 60,000 பேர். ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் ஜாவாப் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள் போக, ஏறக்குறையக் கால் பங்கினர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பது சரித்திர ஆசிரியர்களின் கணக்கு. வங்காளம், மலையாளக் கரை, நம்முடைய சோழமண்டலக் கரை. பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த அதே கம்பெனிதான் இது.

1679-இல் எழுந்த இந்த விடுதியில் கம்பெனியின் சொந்த அடிமைகளை அடைத்து வைத்தார்கள். ஒரு பெண்ணை விலைக்கு வாங்கியவுடன் அவளுக்குத் தாய் வைத்த பெயர் போய்விடும். எஜமானன் ஏதோ ஒரு பெயர் வைப்பான். அதோடு ஊர்ப் பெயரை ஒட்டி, 'கோரமண்டலத்து' இன்னாள் என்று கணக்கில் எழுதிக் கொள்வார்கள். சிலருக்கு மாதங்களின் பெயரே பெயராயிற்று. பக்கத்துச் சர்ச் சதுக்கத்தில் 2008-இல் வைத்த 11 கருங்கல் துண்டங்களில் அப்படிப்பட்ட பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். கூடப் பிறந்தவளோடு நின்று படிக்கும்போது, இவர்களுக்கும் அக்காள் தங்கை ஊரில் இருந்திருப்பார்களே என்ற எண்ணம் வராமல் இராது.

அன்னாவின் வீடு

இனி கான்ஸ்டன்ஷியாவுக்குப் போகலாம். பட்டணத்தை ஒட்டியே இருக்கிறது. சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர், நெளிநெளியான முகப்பு. 1685-இல் இதை அமைத்த ஸைமன் வான் டெர் ஸ்டெல், கேப்பின் கவர்னர். அவருடைய தாயைப் பெற்ற பாட்டி, விடுதலை பெற்ற ஓர் இந்திய அடிமைப் பெண்!

அதோடு போகவில்லை. வங்காளத்திலிருந்து வந்து வான் ரீபெக்கின் வீட்டில் அடிமையாக இருந்தவள் ஆஞ்சலா. 1666-இல் அவளுக்கு விடுதலை கிடைத்தது. அவளுடைய மகள் அன்னா, ஓலோஃப் பெர்க் என்ற ஸ்வீடன் தேசத்து அதிகாரியை மணந்து கொண்டாள். பெர்க் 1716-இல் கான்ஸ்டன்ஷியாவை வாங்கினார். 1724-இல் அவர் காலமான பின், அடிமையின் வயிற்றில் பிறந்த அன்னாவே அந்த மாளிகைக்கு எஜமானி. ஆனால் அப்போதும் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அடிமைகள்தான். கேட்பதற்குக் கஷ்டமாயிருந்தாலும் அதையும் சொல்லத்தானே வேண்டும்?

கான்ஸ்டன்ஷியாவின் தித்திப்பு ரசம் ஐரோப்பாவெங்கும் பிரசித்தி. செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் போயிற்று. ஜேன் ஆஸ்டின் 1811-இல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி' நாவலில், காதலன் கைவிட்ட தங்கைக்கு ஆறுதலாக ஒரு மாது இந்த ரசத்தைக் கொண்டு வருகிறாள். தங்கை தூங்கிப் போயிருக்கிறாள். தன் துயரத்தை வெளியே காட்டாத அக்காள், இது நம் நெஞ்சுக்கும் மருந்தாகுமா பார்ப்போம் என்று தானே அருந்தி விடுகிறாள்! இந்தக் கதையைத் தழுவித்தான் 2000-இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' வந்தது.

திராட்சை நாட்டிலே

அடுத்து 1679-இல் தோன்றிய ஸ்டெல்லன்போஷ். பட்டணத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ஓக் மரங்கள் நிழல் தரும் சர்வகலாசாலை ஊர். அங்கே பேராசிரியராயிருந்த பெரோல்ட் 1925-இல் இரண்டு ஜாதித் திராட்சைகளைக் கலந்து 'பினோடாஜ்' என்ற புது ஜாதியை உண்டாக்கினார். இன்னும் உள்ளே ஃப்ரான்ஷுக். மத விரோதத்துக்கு அஞ்சி ஓடி வந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் 1688-இல் குடியேறிய பள்ளத்தாக்கு. தோட்டம் தோட்டமாக இறங்கி ஏற ஒரு டிராம் வண்டியே விட்டிருக்கிறார்கள்.

ருசி பார்க்கும் மேஜையில் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். ருசித்துவிட்டுத் துப்புவதற்காம். நம் வெற்றிலைப் படிக்கத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை! ரசமே வேண்டாம் என்றால் புளிக்காத திராட்சைச் சாறு பல இடங்களில் கிடைக்கும். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறொன்றும் உண்டு. இந்தப் பள்ளத்தாக்குகளில் 'டாப்' என்று ஒரு முறை இருந்தது. கூலியில் ஒரு பகுதியை மதுவாகவே ஊற்றிக் கொடுப்பது. அடிமைத்தனம் 1834-இல் ஒழிந்த பிறகும் இது ஒழியவில்லை. 1960-களில் சட்டம் தடுத்தும், 1990-கள் வரை ஆங்காங்கே மறைவாக நடந்தது. தலைமுறை தலைமுறையாகக் குடி பழகிய குடும்பங்களில், கர்ப்பிணிகளும் குடித்தார்கள். அந்த மது வயிற்றிலிருந்த சிசுவின் மூளையைத் தாக்கிற்று. இப்படிப் பிறவியிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளின் விகிதம், உலகிலேயே மிக அதிகமாகக் காணப்பட்ட பிரதேசங்களில் இது ஒன்று. அந்தத் தாய்மார்களைக் குறை சொல்லுமுன், கூலிக்குப் பதில் கோப்பையை நீட்டியவன் யார் என்று கேட்க வேண்டும். இன்று நியாயக் கூலிக்கு அத்தாட்சியான 'ஃபேர்டிரேட்' முத்திரை பெற்ற தோட்டங்கள் உண்டு; தொழிலாளர்களே பங்குதாரர்களான தோட்டங்களும் உண்டு. எந்தத் தோட்டம் என்று விசாரித்துப் போனால், நீங்கள் கொடுக்கும் காசு போய்ச் சேரும் இடம் உங்களுக்குத் தெரியும்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் நம் மார்கழி அங்கே கோடைக்காலம். திராட்சை பறிப்பது ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. விசா முன்கூட்டியே வாங்க வேண்டும். வழியில் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டியிருக்கும். மலைக்கும் தீவுக்கும் போவதைக் கடைசி நாளுக்கு வைத்துக் கொள்ளாதீர்கள். காற்று அடித்தால் இரண்டும் நின்று விடும். இருட்டிய பின் தெருவில் நடக்காமல் வண்டியிலேயே திரும்புங்கள். ஆளுக்கொரு சால்வை அவசியம்.

அங்கே நம்மைவிடக் கடிகாரம் மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். இரவு அங்கே எட்டரை மணிக்கு அக்காளும் தங்கையும் சாவகாசமாகப் பேச உட்காரும்போது, இங்கே நடுநிசி. "மோர் மிளகாய் எந்த டப்பாவில்?" என்று வீட்டிலிருந்து யாரும் டெலிபோன் செய்ய மாட்டார்கள்.