செத்துக்கிட்டிருக்கிற ஹார்ட் டிஸ்கை குளோன் பண்றது எப்படி?

உங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். "பழைய கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்கை மாத்திட்டு எஸ்எஸ்டி போடப் போறேன். எல்லா ஃபைலையும் காப்பி-பேஸ்ட் பண்ணிட்டா போதாதா?"

போதாது. நம்ம கண்ணுக்குத் தெரியற ஃபைல்கள் டிஸ்கில் ஒரு பகுதிதான். டிஸ்க் எப்படிப் பிரிச்சிருக்குன்னு சொல்ற பார்ட்டிஷன் டேபிள், விண்டோஸைக் கிளப்பிவிடற பூட் லோடர், அது ஒளிஞ்சிருக்கிற சின்ன பார்ட்டிஷன், இதெல்லாம் காப்பி-பேஸ்டில் வராது. ஃபோட்டோ எல்லாம் வந்திருக்கும், ஆனா புது டிஸ்கில் கம்ப்யூட்டர் ஆன் ஆகாது. குளோனிங்ல டிஸ்கோட அமைப்பும் சேர்ந்தே போகும்.

டிஸ்க் நல்லா இருந்தா இது சுலபம். குளோன்சில்லான்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, தைவான்ல உருவானது. பென் டிரைவ்ல போட்டு அதுலயே பூட் பண்ணிக்கலாம். ரெண்டு இடத்துல மட்டும் கவனம். பழைய டிஸ்க் 500 ஜிபி, புது எஸ்எஸ்டி 480 ஜிபின்னா, உள்ள 120 ஜிபிதான் இருக்குன்னாலும் நேரா ஏத்த முடியாது. முதல்ல பார்ட்டிஷனைச் சுருக்கணும். அடுத்தது, திசை. எது மூலம், எது இலக்குன்னு மாத்திக் கொடுத்தா, காலி டிஸ்கை எடுத்து உங்க டேட்டா மேலயே எழுதிடும். ரெண்டும் ஒரே அளவுல இருந்தா இன்னும் ஆபத்து. மேல ஒட்டியிருக்கிற சீரியல் நம்பரைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கணும்.

உடம்பு சரியில்லாத டிஸ்குக்கு இந்த வழி சரிப்படாது. அதுக்கு சேரம்பாடிக்குப் போகணும்.

நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவுல, வயநாட்டை ஒட்டின ஊர் சேரம்பாடி. ஊட்டின்னதும் உங்களுக்குத் தோணுற ஏரி, போட்டிங்கெல்லாம் இங்க கிடையாது. தேயிலையும் மழையும்தான். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கறதா முடிவாச்சு. அப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்க 1968ல் தொடங்கின அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னாடி டான்டீ ஆச்சு. சேரம்பாடியிலயும் டான்டீ தோட்டம் இருக்கு.

என் பெரியம்மா பையன் அங்க ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார். தோட்டத்துக்காரங்க சர்டிபிகேட்டுக்காக எடுத்துட்டு வர்ற தாத்தா காலத்து குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட் எல்லாத்தையும் வருஷக்கணக்கா ஸ்கேன் பண்ணி வெச்சிருந்தார். லைன் வீட்டு ஈரத்துல பல பேரோட அசல் காகிதம் இப்போ மடிப்புலயே கிழிஞ்சு போச்சு. "அன்னைக்கு எடுத்தீங்களே, அதையே ஒரு பிரிண்ட் போடுங்க"ன்னு வருவாங்க.

போன ஆடி மழையில அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, ஒரு ஃபோல்டர் திறக்கப் பத்து நிமிஷம் ஆகுது. செக் டிஸ்க் ஓட்டட்டுமா?"

"வேணாம்ணே. முதல்ல ஆஃப் பண்ணுங்க."

நிறைய பேர் இங்கதான் டேட்டாவை இழக்கறாங்க. செக் டிஸ்க் ஃபைல் அமைப்பைச் சரிபண்றதுக்காக அந்த டிஸ்க் மேலயே எழுதும். டிஸ்கே தேய்ஞ்சு போயிருக்கும்போது அதுல எழுதினா இருக்கறதும் கலைஞ்சிடும். சாதாரண குளோனிங்கும் வேலைக்கு ஆகாது. படிக்க முடியாத ஒரு செக்டர் வந்தா பாதியில நின்னுடும், இல்லைன்னா அதையே திரும்பத் திரும்ப முட்டி டிஸ்கை இன்னும் கெடுக்கும்.

இதுக்கு லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒரு கருவி இருக்கு. பரீட்சையில தெரிஞ்ச கேள்வியை முதல்ல எழுதற மாதிரி, சுலபமா படிக்க முடியற பகுதிகளை அது முதல் சுற்றுலயே அள்ளிடும். அடம்பிடிக்கிற இடத்தைக் குறிச்சு வெச்சிட்டுத் தாண்டிப் போகும், கடைசியில திரும்பி வந்து ஓரம் ஓரமா சுரண்டும். இந்தக் குறிப்புக்கு மேப் ஃபைல்னு பேர். நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். அண்ணன் கடைக்கு அதுதான் தேவை. ஆனா மேப் ஃபைலை வேற ஒரு பென் டிரைவ்ல சேமிக்கணும். லைவ் லினக்ஸோட தற்காலிக இடத்துல வெச்சா, கரண்ட் போனதும் அதுவும் போயிடும்.

ஒரு எச்சரிக்கை. டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டா இது எதையும் செய்யாதீங்க. உள்ள படிக்கிற ஹெட் போயிருக்கலாம், ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் தட்டைக் கீறலாம். அது டேட்டா ரெகவரி லேப் வேலை. செலவு அதிகம்தான்.

அண்ணனோட டிஸ்க் சத்தம் போடலை. 1 டிபி எஸ்எஸ்டிக்கு குளோன் பண்ண ரெண்டு ராத்திரி ஆச்சு, நடுவுல நாலு தடவை கரண்ட் போச்சு. முடிவுல கொஞ்சம் செக்டர்கள் வரவே இல்லை. வராத இடம் குளோன்ல வெறுமையா இருக்கும். ஃபைல் பேர் இருக்கும், திறந்தா பாதிப் படம் சாம்பல் நிறம். அதனால விண்டோஸ் கிளம்பிடுச்சேன்னு கொண்டாடாம, முக்கியமானதை ஒவ்வொண்ணா திறந்து பாருங்க. அவர் பார்த்ததுல மூணு குடும்பத்தோட ஸ்கேன் கெட்டிருந்தது. ஒருத்தர் வீட்டுல அசல் நல்லா இருந்துச்சு, திரும்ப எடுத்துட்டார். மத்த ரெண்டு பேர்கிட்ட அசல் இல்லை.

அதுக்கப்புறம் ஞாயிறுதோறும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் தனியா பேக்கப் எடுக்கறார். குளோன்ங்கறது அந்த ஒரு நாளோட நகல்தான். மறுநாள் ஸ்கேன் பண்ணது அதுல இருக்காது.

அப்புறம் அந்தப் பழைய டிஸ்க். அதுல ஊர்க்காரங்க ஆதார்லேர்ந்து எல்லாம் இருக்கு. குளோன் பண்ணினதால அதுல இருந்து எதுவும் காலியாகலை. சாதாரணமா ஃபார்மேட் பண்ணினாலும் மீட்டு எடுக்கலாம். கெட்டுப்போன செக்டர்ல மேலெழுதவும் முடியாது. பழைய இரும்புக்காரர்கிட்ட போடக்கூடாது. ரெண்டு மாசம் பூட்டி வெச்சு, புது டிஸ்க் ஒழுங்கா ஓடுதுன்னு உறுதியானதும், பக்கத்து வெல்டிங் பட்டறையில கொடுத்து தட்டு வழியா நாலு ஓட்டை போட்டுட்டார்.