மழைக்கு ஒரு புத்தகம், ரயிலுக்கு ஒரு புத்தகம்

எழுத்து தெரியாத வயதில்தான் படப் புத்தகம் தேவை. மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வயது சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

விக்ரோலியில் ஸ்லோ ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் மாதுங்கா. காட்கோபர், வித்யாவிஹார், குர்லா, சயான் என்று ஒவ்வொரு நிலையமாக வரும்போதும் அம்மாவின் இடுப்பில் இருக்கும் மூன்று வயதுக் குழந்தை பலகையைப் பார்க்கிறது. தேவநாகரி இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது. வீட்டில் பேசும் மொழி மட்டும் எழுத்தாக எங்கும் இல்லை. மாதுங்காவில் இறங்கியதும் பூக்கடை, காபிப் பொடி வாசனை, சுவரில் முருகன் படத்துடன் தமிழ்க் காலண்டர். மும்பையில் பிறந்த பல தமிழ்க் குழந்தைகளுக்கு அந்தக் காலண்டர்தான் முதல் தமிழ்ப் படப் புத்தகம்.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. ஆனால் பெற்றோரின் கண் ஆங்கிலவழிப் பள்ளியின் மீது. அதில் தவறு காண முடியாது. விளைவு, இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை வீடுதான் தமிழுக்கு உள்ள ஒரே பள்ளிக்கூடம். அங்கே பாடநூல் கிடையாது. மடியும் ஒரு படப் புத்தகமும் போதும். எந்தப் புத்தகம் என்பதில்தான் சிக்கல்.

கடைக்குப் போனால் கையில் திணிக்கப்படுவது பழங்கள், காய்கறிகள், வாகனங்கள், நிறங்கள். பக்கத்துக்கு ஆறு படம், கீழே பெயர். பொருள்வாரியாகப் படங்களை அடுக்கும் இந்த முறை புதிதல்ல. 1658ல் கொமேனியஸ் என்ற கல்வியாளர் நியூரம்பெர்கில் வெளியிட்ட குழந்தைகளுக்கான படப் புத்தகமே அப்படித்தான் இருந்தது. லத்தீனிலும் ஜெர்மனிலும் இருமொழி நூலாக. ஆனால் அவர் படங்களில் தச்சர் வேலை செய்தார், மேகம் திரண்டது. நம் கடைகளில் கிடைப்பதில் ஆப்பிள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்து ‘ஆப்பிள்’ என்று சொன்ன பிறகு தாய்க்கும் பிள்ளைக்கும் பேச ஒன்றுமில்லை.

மாறாக, குழந்தையின் அன்றாடத்திலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி இரண்டு மூன்று புத்தகங்களைச் சேர்த்தால் பேச்சு நீள்கிறது. விக்ரோலியில் அதற்குப் பஞ்சமில்லை. கிழக்கே தானே கழிமுகத்தின் அலையாத்திக் காடு. குளிர்காலத்தில் கழிமுகத்துக்கு வரும் பூநாரைகள். பக்கத்திலேயே கோத்ரெஜ் தொழிற்சாலை. 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்கு லட்சக்கணக்கான வாக்குப் பெட்டிகள் செய்யப்பட்ட இடம் அது. எந்திரம் பற்றிக் கேட்கும் குழந்தைக்கு, ராஜீவ் ஐப் எழுதி வரைந்த, பிரதம் புக்ஸ் வெளியிட்ட ‘அம்மாச்சிஸ் அமேஸிங் மெஷின்ஸ்’ பொருத்தம். பாட்டியும் பேரனும் தேங்காய் பர்பி செய்யக் கிளம்புகிறார்கள். நெம்புகோலும் கப்பியும் தானாக வந்து சேர்கின்றன. பாடம் நடத்தப்படுவது குழந்தைக்குத் தெரிவதில்லை.

மழை கொஞ்சம் கடினமான பொருள். காகிதக் கப்பலும் வண்ணக் குடையும் வரைந்த புத்தகங்கள் நிறைய. மழைக்காலத்தில் மூக்கொழுகும் பிள்ளைக்கு அசோக் ராஜகோபாலனின் ‘கஜபதி குலபதி’யும் உண்டு, யானைக்கே ஜலதோஷம் பிடிக்கும் கதை. படிப்பவர் வெட்கப்படாமல் தும்மத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆனால் மும்பை மழை சிரிப்பு மட்டுமல்ல. 2005 ஜூலை 26ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. 2021 ஜூலை 18ல் விக்ரோலி சூர்யா நகரிலும் செம்பூர் பாரத் நகரிலும் குன்றுச் சரிவில் இருந்த வீடுகள் நள்ளிரவு மழையில் இடிந்து பலர் இறந்தார்கள். அந்தச் சரிவுகளில் வளரும் குழந்தைக்கு இடிச் சத்தம் கேட்டால் முகம் மாறுகிறது. அப்போது காகிதக் கப்பலைக் காட்டுவது அதன் பயத்தைக் கேலி செய்வது போல.

இந்த இடத்தில் கைகொடுப்பது மழைப் புத்தகமே அல்ல, ஒரு கடல் புத்தகம். 2004 சுனாமிக்குப் பின் சந்தியா ராவ் எழுதி, சென்னை துளிகா வெளியிட்ட ‘மை ஃபிரண்ட், த சீ’. கடலை நண்பனாக நினைத்திருந்த சிறுவன் ஒருவன். அந்த நண்பனே ஊருக்குள் புகுந்துவிடுகிறது. நமக்குப் பிடித்த ஒன்றே நம்மைப் பயமுறுத்தலாம் என்பதைப் பெரியவர்கள் சொல்லிப் புரியவைக்க முடியாது. படத்தைப் பார்த்துக் குழந்தை ஒரு கேள்வி கேட்கும். உடனே பதில் சொல்லாமல் இருப்பதுதான் பெற்றோர் செய்யக்கூடிய நல்ல காரியம்.

‘வீடு’ என்ற பொருளை எடுத்தால் பக்கத்து வீட்டு மொழியிலேயே நல்லவை இருக்கின்றன. 2014ல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய விருது பெற்ற மாதுரி புரந்தரே, மராத்தியில் சிறு குழந்தைகளின் வீட்டு உலகத்தைத் தானே எழுதித் தானே வரைபவர். விக்ரோலியின் தமிழ்ப் பிள்ளை தெருவில் மராத்தியோ இந்தியோ பேசித்தான் விளையாடுகிறது. மராத்திப் புத்தகத்தின் படத்தைக் காட்டிப் பாட்டி தமிழில் கதை சொன்னால் குடி ஒன்றும் முழுகிவிடாது. எழுத்தே இல்லாத படப் புத்தகம் இன்னும் உத்தமம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பட்டதாரி மருமகளும் அதன் முன் சமம்.

தமிழில் வாங்கும்போது படம் எவ்வளவு பளபளப்பு என்று பார்ப்பதைவிட, கடையில் நின்று ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது. மொழிபெயர்ப்பு பல இடங்களில் சறுக்குகிறது. ஆங்கிலத்தில் துள்ளிய முயல் தமிழில் ‘மிகுந்த மகிழ்ச்சியுடன் குதித்தவாறு சென்றது’ என்று மாறினால் குழந்தை இறங்கி ஓடிவிடும். தமிழில் தொபுக்கடீர் இருக்கிறது, குடுகுடு இருக்கிறது, சலசல இருக்கிறது. இவற்றைப் பயன்படுத்த அஞ்சுபவர் குழந்தைகளுக்கு மொழிபெயர்க்காமல் இருப்பது நல்லது.

ஒரு காலத்தில் நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் வண்ணப் படங்களுடன் சோவியத் நூல்கள் தமிழில் மலிவாகக் கிடைத்தன. 1991ல் சோவியத் யூனியனே போன பிறகு அந்த வரத்து நின்றது. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயா வரிசை விலை குறைவு. மிக்கி பட்டேலின் யானை ரூபாவை இன்றும் குழந்தைகள் கைவிடவில்லை. 1996ல் தொடங்கிய துளிகா ஆங்கிலம் உட்பட ஒன்பது மொழிகளில் வெளியிடுகிறது; ஆங்கிலமும் தமிழும் ஒரே பக்கத்தில் உள்ள இருமொழிப் பதிப்புகள் மும்பை வீடுகளுக்கென்றே செய்தது போல் இருக்கின்றன. காசே இல்லையென்றால் பிரதம் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இருக்கிறது. இணையத்தில் இலவசம், தமிழிலும் உண்டு. செல்போன் திரையில் படம் சுருங்கிவிடுவது ஒன்றுதான் குறை.

புத்தகங்களை அடுக்கித் தயாராக வைத்தபின் குழந்தை என்ன செய்யும் என்பது வேறு விஷயம். மழை, கடல், எந்திரம் என்று அம்மா திட்டமிட்டிருக்க, அது யானை தும்மும் பக்கத்தை மறுபடி திருப்பச் சொல்கிறது. ஏழாவது முறை.