போகிமான் கார்டு பாக்கெட்... எப்போது வாங்கினால் லாபம்?

பீங்கான் ஊரான விருத்தாசலத்தில் கோப்பை வாங்கினால், விரலால் தட்டிப் பார்த்து, விரிசல் இல்லையென்று தெரிந்த பிறகே காசு கொடுப்போம். போகிமான் கார்டில் அது நடக்காது. ஆங்கிலப் பதிப்பு பாக்கெட்டின் சீலைப் பிரித்தால்தான் உள்ளே இருக்கும் 10 கார்டுகள் எவை என்றே தெரியும். அதனால், விலையைத்தான் தட்டிப் பார்க்க வேண்டும்!

புது வரிசை வந்த சூட்டில் கிராக்கி அதிகம், ஆன்லைனில் எம்.ஆர்.பி-யைத் தாண்டியும் விற்பார்கள். அவசரம் வேண்டாம். மறுபடி அச்சிட்டு சரக்கு வந்ததும் பெரும்பாலும் விலை இறங்கும். அச்சிடுவதையே நிறுத்திவிட்டால் ஏறலாம். இடைப்பட்ட காலத்தில், எம்.ஆர்.பி-க்குள் கிடைக்கும்போது வாங்குவதே நல்லது.

36 பாக்கெட் பெட்டி என்றால், விலையை 36-ஆல் வகுத்து, தனிப் பாக்கெட் விலையோடு ஒப்பிடுங்கள். பிள்ளை கேட்பது ஒரே ஒரு கார்டுதானா? அதை மட்டும் தனியாக வாங்குங்கள். உண்டியல் காசு மிஞ்சும்!